பழைய அளவீட்டுக் கருவியின் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸிலோஸ்கோப்போ (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுவது) மல்டிமீட்டரோ ஸ்பெக்ட்ரம் அனலைசரோ (குறிப்பலையில் உள்ள அலைவெண்களைப் பிரித்துக் காட்டுவது) கைக்கு வந்தால், அதன் திரை தெளிவாகத் தெரிகிறதா, குமிழ்கள் ஒழுங்காகத் திரும்புகின்றனவா என்று பார்ப்பதற்கு முன்பே நான் அறிய விரும்புவது ஒன்று உண்டு. அதன் அளவுத்திருத்த எண்கள், அதாவது அது காட்டும் அளவைச் சரியாக்கும் எண்கள், எந்த வகை நினைவகத்தில் இருக்கின்றன, அந்த நினைவகத்தைத் தாங்கும் பேட்டரி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதே அது. மங்கிய திரைக்கு மாற்றுத் திரை தேடிக்கொள்ளலாம். உடைந்த குமிழுக்கு இன்னொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அந்த எண்கள் அழிந்துவிட்டால் மட்டும், நல்ல தரமான ஆதார மின்னழுத்தங்களும் ஆதார மின்தடைகளும் இருக்கும் ஆய்வகத்துக்குக் கருவியைக் கொண்டு போய், அதை முதலிலிருந்து திருத்தி அமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு ஆகும் செலவு பல நேரங்களில் அந்தப் பழைய கருவியின் விலையையே விஞ்சிவிடுகிறது.

நுண்செயலி நுழைவதற்கு முந்தைய கருவிகளில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஒவ்வொரு அளவு வரம்புக்கும் ஒரு சிறு திருகு மின்தடை இருக்கும். காட்டும் அளவு சரியாகும் வரை அதைத் திருப்பி, மேலே ஒரு துளி வண்ணப்பூச்சு இட்டு விட்டுவிடுவார்கள். நுண்செயலி வந்தபின், மின்சுற்றின் பிழையை மின்சுற்றிலேயே சரிசெய்வதற்குப் பதிலாக, அந்தப் பிழையை அளந்து எண்ணாகப் பதிந்து வைத்து, ஒவ்வொரு அளவீட்டின்போதும் கணக்கிட்டுக் கழித்துவிடும் முறை பரவியது. அந்த எண்களை மின்சாரம் இல்லாதபோதும் காப்பது எப்படி என்பதுதான் அன்றைய வடிவமைப்பாளர்களுக்கு இருந்த கேள்வி. மின்சாரத்தால் அழித்து எழுதக்கூடிய நினைவகங்கள் அப்போதே இருந்தன. ஆனால் அவை எழுதுவதற்கு மெதுவானவை, எழுதும் தடவைகளுக்கும் வரம்பு உண்டு. டெக்ட்ரானிக்ஸ் 2465 ஆஸிலோஸ்கோப்பில் அத்தகைய நினைவகமே இருந்தது. அதற்குப் பின் வந்த 2465ஏ, 2465பி வகைகளில் குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும், ஆனால் மின்சாரம் நின்றால் தரவை இழந்துவிடும் சிமாஸ் நினைவகமும் அருகில் ஒரு லித்தியம் பேட்டரியும் இடம்பிடித்தன. அந்தக் காலத்துக்கு அது சரியான தேர்வு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கருவி இத்தனை ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தாள்கணக்கில் பார்த்தால் அந்தப் பேட்டரி தீரவே கூடாது. வெறுமனே தரவைத் தாங்கி நிற்கும் சிமாஸ் நினைவகம் ஒன்று எடுத்துக்கொள்வது சில மைக்ரோ ஆம்பியர்கள் மட்டுமே. 1,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து தொடர்ந்து 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் அது 2,00,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 23 ஆண்டுகள் நீடிக்க வேண்டும். கருவி மின் இணைப்பில் இயங்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை என்பதால் அந்தக் காலம் இன்னும் நீளும். உண்மையில் பேட்டரியைத் தின்பது நினைவகம் மட்டுமல்ல. பேட்டரி தானாகவே இழக்கும் மின்னேற்றம் ஒருபுறம். கருவியின் உட்பகுதி வெப்பம் அந்த இழப்பை விரைவுபடுத்துவது மறுபுறம். மின்சுற்றுப் பலகையின் மேல் படிந்த தூசு, ஈரம், சால்டர் செய்தபின் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) ஆகியவற்றின் வழியே நடக்கும் மின்கசிவு இன்னொருபுறம். ஆகவே, எப்போதும் மின் இணைப்பிலேயே இருந்த கருவியின் பேட்டரி புதிதுபோல இருக்கும் என்று நம்பிவிட முடியாது. மின்வழங்கிப் பகுதிக்கு அருகே பேட்டரி அமைந்திருந்தால், அந்தக் கருவி அலமாரியில் சும்மா கிடந்ததைவிட மோசமான நிலையில்கூட அது இருக்கக்கூடும்.

மின்னழுத்தத்தை அளந்து பார்த்து மனநிறைவு கொள்வதும் சரியாகாது. லித்தியம் முதன்மைப் பேட்டரியின் (மீண்டும் மின்னேற்றக் கூடாத வகை) மின்னழுத்தம் அதன் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் திடீரெனச் சரிகிறது. தயோனைல் குளோரைடு எனும் 3.6 வோல்ட் வகையில் இது இன்னும் கூர்மையானது. இன்று 3.6 வோல்ட் காட்டுவது அடுத்த ஆண்டுக்கான உறுதிமொழி ஆகாது. 3 வோல்ட் வகை 2.7 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். நினைவகம் தரவைத் தாங்கப் பொதுவாகக் குறைந்தது 2 வோல்ட் வேண்டும்; பேட்டரிக்கும் நினைவகத்துக்கும் இடையில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதற்காக உள்ள டயோடும் தன் பங்குக்குச் சிறிது மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை அளந்த மின்னழுத்தத்தைவிடப் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தேதிதான் நம்பத்தகுந்தது. அது இல்லையென்றால், பலகையில் உள்ள சிப்புகளின் நான்கு இலக்கத் தேதிக் குறியீடு உதவும்: 9132 என்றிருந்தால் அது 1991-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம்.

உள்ளே இருப்பது எந்த வகைப் பேட்டரி என்பதை அடையாளம் காண்பது அடுத்த வேலை. 3 வோல்ட் என்றால் அது மாங்கனீசு டையாக்சைடு வகையாகவோ (சிஆர் என்று தொடங்கும் பெயர்) கார்பன் மோனோஃபுளோரைடு வகையாகவோ (பிஆர் என்று தொடங்கும் பெயர்) இருக்கும். பின்னது வெப்பத்தை நன்றாகத் தாங்கும், தானாக இழப்பதும் குறைவு. 3.6 வோல்ட் என்றால் இரண்டு முற்றிலும் வேறுபட்ட பொருள்களாக அது இருக்கலாம் என்பதால் இங்கே கவனம் வேண்டும். ஒன்று, மீண்டும் மின்னேற்றக் கூடாத லித்தியம் தயோனைல் குளோரைடு. மற்றொன்று, மூன்று நிக்கல்-காட்மியம் கலங்கள் சேர்ந்த, கருவியே மின்னேற்றிக்கொள்ளும் பேட்டரி. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் விளைவு கெட்டது: மின்னேற்றும் சுற்றில் லித்தியம் முதன்மைப் பேட்டரியை இட்டால் அது வெடிக்கவும் கூடும், தனிமைப்படுத்தும் டயோடு உள்ள சுற்றில் நிக்கல் வகையை இட்டால் அது சில மாதங்களில் தானாகவே தீர்ந்துவிடும்.

நிக்கல்-காட்மியம் இருந்தால் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் கருத்து. அது தீர்வதோடு நிற்பதில்லை, கசியவும் செய்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே ஊர்ந்து வந்து, பாதுகாப்புப் பூச்சின் அடியில் புகுந்து, செம்புத் தடங்களைப் பச்சை நீலமாக அரித்துவிடும். அத்தகைய பலகையில் பேட்டரியை எடுத்தபின், நீர் கலந்த வினிகரால் காரத்தை நடுநிலைப்படுத்தி, நீரால் துடைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் உலர்த்தி, தடங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ச்சி பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். திருப்புளியை எடுப்பதற்கு முன், கருவி நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் எண்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரியைத் தொடுவது, எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும், வீண் துணிச்சலே. எடுக்கும் வழி கருவிக்குக் கருவி மாறுகிறது. ஹியூலட்-பாக்கார்டு 3478ஏ மல்டிமீட்டரில் அளவுத்திருத்த நினைவகம் மொத்தமே 256 இடங்கள், ஒவ்வொன்றும் நான்கு பிட். கையேட்டில் சொல்லப்படாத ஒரு கட்டளையை, கருவியைக் கணினியோடு சேர்க்கும் ஜிபிஐபி இணைப்பு வழியே அனுப்பினால் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளலாம். திரும்ப எழுதுவதற்கு முகப்பில் உள்ள அளவுத்திருத்த அனுமதிச் சுவிட்சைத் திருப்ப வேண்டும். படிக்கும்போது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. டெக்ட்ரானிக்ஸ் 2465பி-யில் பழுது கண்டறிய உள்ளேயே வைத்திருக்கும் பயிற்சி நிரல்களுள் இரண்டாவதைத் தேர்ந்தால் எண்கள் திரையிலேயே ஒவ்வொன்றாக வரும்; பொறுமையோடு உட்கார்ந்து அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எண்கள் அழிந்த கருவி அது என்றால், மின்சாரம் கொடுத்தவுடன் ‘டெஸ்ட் 04 ஃபெயில்’ என்ற செய்தி வந்து நிற்கும். ஹியூலட்-பாக்கார்டு 8590 வரிசை ஸ்பெக்ட்ரம் அனலைசர்களில் மைய அலைவெண்ணாக -37 ஹெர்ட்ஸ் என்று தட்டினால் பழுதுபார்ப்போருக்கான பட்டியல் திறக்கிறது. இல்லாத அலைவெண் ஒன்றைச் சாவியாக வைத்த அந்தப் பொறியாளரின் குறும்பை நான் ரசிப்பதுண்டு.

எப்படி எடுத்தாலும், ஒருமுறை படித்தது போதாது. மறுபடியும் படித்து இரண்டையும் ஒப்பிட்டு, ஓர் எழுத்தும் மாறாமல் இருப்பதைக் கண்டபின்தான் அந்தக் கோப்பை நம்ப வேண்டும். பல கருவிகள் ஒவ்வொரு எண் தொகுப்போடும், எண்கள் மாறிவிட்டனவா என்று காட்டும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கும். அதையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். கோப்பின் பெயரில் கருவியின் வரிசை எண் இருக்கட்டும். ஒரு கருவியின் எண்களை அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கருவியில் எழுதினால் பிழைச் செய்தி மறையும், அளவு மட்டும் தவறாக இருக்கும். பிழைச் செய்தியோடு நிற்கும் கருவியைவிட அது ஆபத்தானது.

எண்கள் கையில் இருந்தாலும், நினைவகம் ஒரு நொடிகூட மின்னழுத்தம் இழக்காதபடி பேட்டரியை மாற்றவே நான் முயல்வேன். திரும்ப எழுதும் வேலை அத்தனை எளிதல்ல. கருவியை இயக்கத்தில் வைத்துக்கொண்டே சால்டர் செய்வோர் உண்டு. பிரதான மின்சாரம் ஓடும் திறந்த பெட்டிக்குள், அதுவும் சில ஆயிரம் வோல்ட் இருக்கும் படக்குழாய்க்குப் பக்கத்தில், கையை விடுவது எனக்கு உடன்பாடில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து ஒரு தாங்கு மின்னழுத்தம் கொடுப்பதே நான் பின்பற்றும் வழி. சாதாரண உலர் கலங்கள் இரண்டோ மூன்றோ, அவற்றோடு தொடராக ஒரு ஷாட்கி டயோடும் (குறைந்த மின்னழுத்தமே எடுத்துக்கொள்ளும் வகை) ஒரு கிலோ ஓம் மின்தடையும் போதும். டயோடு இருப்பதால் மின்னோட்டம் எதிர்த்திசையில் போகாது. மின்தடை இருப்பதால் கையில் உள்ள கம்பியோ திருப்புளியோ எங்காவது தவறி இடித்தாலும் சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. நினைவகத்தைச் சென்றடையும் மின்னழுத்தம் பழைய பேட்டரி கொடுப்பதை ஒட்டியோ அதைவிடச் சற்றே கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்த இணைப்பைப் பேட்டரியின் முனையில் கொடுப்பதைவிட, பலகையில் உள்ள தனிமைப்படுத்தும் டயோடைத் தாண்டி நினைவகத்தின் பக்கம் கொடுப்பது நல்லது. முனையிலேயே கொடுத்தால், தாங்கு மின்னழுத்தம் பழைய லித்தியம் பேட்டரியை மின்னேற்றப் பார்க்கும்.

இணைத்தபின் நினைவகத்தின் மின்வழங்கு காலில் நேரடியாக அளந்து பார்த்து, அதன்பிறகே பழைய பேட்டரியின் ஒரு காலை வெட்ட வேண்டும். அளப்பதற்கு 10 மெகா ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட மல்டிமீட்டர் போதும்; அது எடுப்பது 0.3 மைக்ரோ ஆம்பியர்தான். மின்னோட்டத்தை அளக்க ஆசைப்பட்டு அம்மீட்டரைத் தொடரில் சேர்ப்பதுதான் பொறி: அளவு வரம்பை மாற்றும்போது மீட்டர் ஒரு கணம் சுற்றைத் திறந்துவிடக்கூடும், அந்த ஒரு கணத்தில் எல்லாம் போய்விடும். பேட்டரியோடு தொடராக ஏற்கெனவே ஒரு மின்தடை பலகையில் இருந்தால், அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அளந்து ஓம் விதியால் கணக்கிட்டுக்கொள்ளலாம். 10 கிலோ ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோ ஆம்பியர்.

சால்டரிங் அயர்னின் முனை பெரும்பாலும் நில இணைப்பில் (எர்த்) இருக்கும். கருவியின் பெட்டியும் எங்காவது நில இணைப்பில் இருந்துவிட்டால், முனை பேட்டரியின் நேர்முனையைத் தொட்டவுடன் நினைவகத்தின் மின்வழங்கல் நிலத்தோடு குறுக்கிணைப்பு ஆகிவிடும். எனவே கருவியின் மின்கம்பி மட்டுமின்றி, மற்றக் கருவிகளுக்குப் போகும் ஜிபிஐபி கம்பிகளையும், குறிப்பலை கொண்டுபோகும் பிஎன்சி கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். தாங்கு மின்னழுத்தமும் எதனோடும் சேராமல் தனித்து இருக்க வேண்டும். அதே காரணத்துக்காகப் பேட்டரி உள்ள பலகையைக் கறுப்பு நிற மின்கடத்து நுரையின் மேல் வைக்கக் கூடாது. நிலைமின்னுக்குப் பயந்து அப்படி வைப்பது, பலகையின் அடிப்பக்கத்தில் உள்ள எல்லாக் கால்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவதற்குச் சமம். மணிக்கட்டில் நிலைமின் பட்டை அணிந்து, வேலை செய்யும் இடத்தில் மின்தடை மிகுந்த விரிப்பைப் பயன்படுத்துவது போதுமானது.

புதிய பேட்டரி, பழையதன் வேதியியலும் மின்னழுத்தமும் கொண்டதாக, தொழிற்சாலையிலேயே தகட்டுக் கால்கள் பற்றவைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியின் உடல்மேல் நேரடியாகச் சால்டர் வைப்பது அதன் உள் அடைப்பைச் சிதைக்கும், சில வேளைகளில் அதைவிட மோசமாகவும் முடியும். நாணய வடிவப் பேட்டரிக்கான தாங்கி ஒன்றைப் பொருத்திவிட்டால் அடுத்த முறை எளிதாக இருக்குமே என்று பலர் எண்ணுவர். எனக்கு அதில் விருப்பமில்லை. சிஆர்2032-இன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணிதான். மேலும், கருவியைத் தூக்கி வைக்கும்போது ஏற்படும் அதிர்வில் தாங்கியின் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால் பேட்டரி நன்றாக இருந்தும் பயனில்லை. வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸையும் விரல் பதிவுகளையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுவது அழகுக்காக அல்ல. மைக்ரோ ஆம்பியர் கணக்கில் பார்க்கும் இடத்தில் விரல் எண்ணெயும் ஒரு மின்தடைதான்.

இதுவரை சொன்னது வெளியே தெரியும் பேட்டரிகளுக்குப் பொருந்தும். 1980-களின் பிற்பகுதியிலிருந்து பேட்டரியையும் நினைவகத்தையும் ஒரே கறுப்புப் பிசின் கட்டிக்குள் புதைத்த தொகுதிகள் பரவின. டல்லாஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்1220, டிஎஸ்1225, டிஎஸ்1230 ஆகியவை பெயர்பெற்றவை. அந்நிறுவனத்தை 2001-இல் மாக்சிம் வாங்கியது. மின்சாரம் இல்லாத நிலையில் குறைந்தது 10 ஆண்டுகள் தரவைக் காக்கும் என்பதே அவற்றின் தரவுத்தாள் தரும் உறுதி. அதைப்போல இரண்டு மடங்கு காலம் தாண்டியும் எண்களைத் தாங்கி நிற்கும் தொகுதிகள் உண்டு என்றாலும், அதை நம்பி இருப்பது நல்லதல்ல. ஹியூலட்-பாக்கார்டு 3458ஏ மல்டிமீட்டரில் இத்தகைய தொகுதிகள் மூன்று: இரண்டு டிஎஸ்1230ஒய் பொதுத் தரவுக்கும், ஒரு டிஎஸ்1220ஒய் அளவுத்திருத்தத்துக்கும். முதல் இரண்டும் போனால் பெரிய இழப்பில்லை. மூன்றாவதுதான் எட்டரை இலக்கக் கருவியின் முழு மதிப்பையும் சுமக்கிறது.

இவ்வகையில் பேட்டரி சிப்பின் உள்ளேயே இருப்பதால், வெளியிலிருந்து தாங்கு மின்னழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை. தொகுதியைச் சால்டரை இழுக்கும் வெற்றிட உறிஞ்சியால், ஒவ்வொரு காலுக்கும் இடையே ஆறவிட்டு, மெல்லக் கழற்றி, சிப் நிரலியில் (சிப்பில் உள்ளதைப் படிக்கவும் எழுதவும் உதவும் சாதனம்) வைத்துப் படித்துக்கொள்ளலாம். நிரலியின் பட்டியலில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் விழிப்பு வேண்டும்: சில நிரலிகள் இத்தொகுதியைச் சாதாரண நினைவகமாகக் கருதி, எழுதிப் பார்த்துச் சோதிக்கும் வசதியையும் பக்கத்திலேயே வைத்திருக்கும். படித்ததைப் புதிய தொகுதியில் எழுதி, சரிபார்த்து, பலகையில் தரமான சாக்கெட் ஒன்றைச் சால்டர் செய்து அதில் பொருத்த வேண்டும். வாங்கும் தொகுதி புதியதுதானா என்பதும் கேள்வியே. பழைய பலகைகளிலிருந்து கழற்றி, மேல் எழுத்தைச் சுரண்டி மறுபடி அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான புதிய தொகுதியில் முதல் முறை மின்சாரம் பெறும் வரை உள்பேட்டரி துண்டிக்கப்பட்டே இருக்கும். அதனால், வாங்கி வந்ததை எழுதுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தால், வேறொரு கருவியின் பழைய தரவு உள்ளே தெரிவது அது பயன்படுத்தப்பட்ட பொருள் என்பதற்குச் சான்று.

பேட்டரியே தேவைப்படாத ஃபெர்ரோ மின்நினைவகத்தை அங்கே பொருத்திவிட்டால் என்ன என்ற யோசனை இயல்பாக எழும். சில கருவிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சிப்பு ஒவ்வொரு அணுகலுக்கும் தேர்வுக் காலின் (சிப்பை வேலைக்கு அழைக்கும் கால்) இறங்கு விளிம்பை, அதாவது அதன் மின்னழுத்தம் உயர்விலிருந்து தாழ்வுக்கு இறங்கும் கணத்தை, எதிர்பார்க்கிறது. தேர்வுக் காலைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் பழைய சுற்றில் அது தவறான தரவைத் தரும். இன்னொன்றும் உண்டு. டல்லாஸ் தொகுதி, மின்வழங்கல் நான்கரை வோல்ட்டை ஒட்டிக் கீழிறங்கும்போதே எழுதுவதைத் தடுத்துவிடும். பரந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ஃபெர்ரோ சிப்புகள் 2.7 வோல்ட் வரை எழுத அனுமதிக்கின்றன. கருவியை அணைக்கும் அந்த மில்லி நொடிகளில், மின்னழுத்தம் குறைந்து தடுமாறும் பழைய நுண்செயலி எதையாவது எழுதிவைத்தால் அதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே சுற்று வரைபடத்தைப் படித்துத் தெளிந்த கருவிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவேன். அளவுத்திருத்த எண்களுக்கு, பேட்டரி உள்ள அதே வகைத் தொகுதியே என் தேர்வு.

மாற்றி முடித்ததும் உறையை மூடிவிடாமல், கருவியை இயக்கி எண்களை மீண்டும் படித்துப் பழைய கோப்போடு ஒப்பிட வேண்டும். பிறகு மின்கம்பியைக் கழற்றிச் சில நாள்கள் அப்படியே விட்டு, மறுபடி ஒருமுறை ஒப்பிட வேண்டும். பேட்டரியின் கால் சரியாகப் பற்றாமல் இருந்தால், பலகையில் உள்ள மின்தேக்கியே சிறிது நேரம் நினைவகத்தைத் தாங்கி, எல்லாம் சரி என்ற தோற்றத்தைத் தந்துவிடும். இரண்டாவது ஒப்பீடும் பொருந்தினால் உறையை மூடலாம். பேட்டரியை மாற்றிய மாதமும் ஆண்டும் எழுதிய ஒட்டுத்தாளை உள்ளே ஒட்டுவதோடு பின்புறத்திலும் ஒன்றை ஒட்டிவிட்டால், அடுத்த முறை பார்ப்பவர் திருப்புளியைத் தேட வேண்டியதில்லை. கழற்றிய பழைய பேட்டரியின் இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி, குப்பையில் போடாமல், பேட்டரிகளைத் தனியே பெறும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.